தொறு: வேடியப்பன் கல்லில் ஒரு சொல்

போன கார்த்திகையில், ராகி அறுவடை முடிந்த வாரம், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கட்டுரை நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தாள். அவர்கள் கொல்லை ஓரத்தில் ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நடுகல்லை, அதாவது சண்டையில் விழுந்த வீரனுக்கு நட்ட கல்லை, வேடியப்பன் என்று சொல்லிக் கும்பிடுவது வழக்கம். அந்தக் கல்லில் தெரிந்த எழுத்துகளை அப்படியே பார்த்து வரைந்திருந்தாள். வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்துமுறை) அட்டவணையை வைத்துத் தானாகவே படித்து, கீழே எழுதியும் இருந்தாள்: "தோறு … பட்டான்."

"ஐயா, இது என்ன தோறுங்க? நாள்தோறும், வீடுதோறும்னு வருமே, அதுங்களா?"

"அது தோறு இல்லம்மா, தொறு. பசுக்கூட்டம்னு பொருள்" என்றேன்.

"அது எப்படிங்க ஐயா தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. பழைய உரை ஒன்றில் 'தொறு – ஆனிரை' என்று படித்திருக்கிறேன், அவ்வளவுதான். முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பொருள் எப்படி வந்தது, யார் எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அவள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடிய கதைதான் இது. தை மாதம் வரை இழுத்தது. எதை நம்பினோம், எதைத் தள்ளினோம், ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கல்

கல் இடுப்புயரம் இருக்கும். அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. இடது கையில் வில், வலது கையில் குறுவாள், ஒரு காலை மடக்கிப் பாய்கிற நிலையில் ஒரு வீரன். மார்பில் ஓர் அம்பு தைத்திருக்கிறது. காலுக்குப் பக்கத்தில் கெண்டி (மூக்கு வைத்த செம்பு) போல ஒன்று. வலப்பக்கக் கீழ் மூலையில் ஏதோ விலங்கின் முதுகும் திமிலும் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகின்றன. எழுத்து தலைக்கு மேலே மூன்று வரி. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசியதில் முதல் வரி முழுக்க மழுங்கிப் போயிருந்தது.

பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெயில் நேராக அடித்தால் எழுத்தின் பள்ளமும் கல்லின் பொரிவும் ஒரே மாதிரி இருக்கும். கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இருட்டிய பிறகு போனோம். போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுகிறது. அப்போது இரண்டாவது வரியின் தொடக்கம் தெளிவாக எழுந்து வந்தது. ஒரு கொம்பு, த, ஒரு கால், அப்புறம் று. அதற்குப் பிறகு கல் பொரிந்து, சிதைந்து போயிருக்கிறது. மூன்றாவது வரியில் 'படடான' என்று நான்கு எழுத்து. புள்ளி கிடையாது. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிக்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவி எழுதிய 'தோறு' அவளுடைய தவறே இல்லை என்று அங்கேதான் புரிந்தது. கொம்பும் காலும் போட்டால் இன்று நாம் 'தொ' என்போம். சுழித்த கொம்பு போட்டால் 'தோ'. ஆனால் இந்த வேறுபாடு வீரமாமுனிவர் காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டில் வந்தது. தொல்காப்பியம் குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது: "எகர ஒகரத் தியற்கையும் அற்றே." கல்லில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தப் புள்ளியை வைக்கவில்லை. ஆகக் கல்லை மட்டும் பார்த்து இது தொறுவா தோறுவா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அவளைத் திருத்தியபோது கல்லில் இல்லாத ஒன்றை வைத்துத்தான் திருத்தினேன். அந்த ஒன்று எது என்பதுதான் கேள்வி.

சொன்ன பொருள்கள்

மூன்று விளக்கங்கள் கிடைத்தன. மூன்றையும் மதித்துத்தான் பார்த்தோம்.

முதலாவது அவளுடையது. 'தோறும்', 'தொறும்' இரண்டும் பழந்தமிழில் உண்டு. குறளிலேயே இருக்கிறது: "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு." ஆனால் இந்த இடைச்சொல் தனியாக நிற்காது. ஏதாவது ஒரு சொல்லின் வாலாகத்தான் வரும். நம் கல்லில் தொறு வரியின் தொடக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாமா? முடியாது. கல்வெட்டில் வரி முடிந்த இடத்தில் சொல் முடிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாதிச் சொல் மேல் வரியில், மீதி கீழ் வரியில் என்று தாராளமாக உடைப்பார்கள். மேல் வரி மழுங்கிவிட்டதால், இந்தத் தொறு அங்கிருந்து வழிந்த வாலாகவும் இருக்கலாம். இலக்கணத்தை மட்டும் வைத்து இந்த விளக்கத்தை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. திறந்தபடியே வைத்தோம்.

இரண்டாவது, கொல்லைக்காரரின் பங்காளி ஒருவர் சொன்னது: "அது துறவுங்க. துறவி ஒருத்தர் இங்க சமாதி ஆனாரு. அதான் சாமியா கும்பிடறோம்." ஒலி கிட்டத்தட்டப் பொருந்துகிறது. கும்பிடுகிற காரணமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் எழுத்துக்குக் கீழேயே படம் இருக்கிறது. வில்லும் வாளும் பிடித்து, மார்பில் அம்பு வாங்கியவர் துறவியாக இருக்க முடியாது. கல்லில் எழுத்தும் சிற்பமும் ஒரே கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு ஒன்று முரணான பொருளை எடுக்கக் கூடாது.

மூன்றாவது 'துரத்து'. மாணவியின் அண்ணன் சொன்னது. பகைவனைத் துரத்திப் பட்டான். படத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. ஆனால் துரத்து என்பதில் இடையின ர. கல்லில் இருப்பது வல்லின று. இப்போது நாம் இரண்டையும் ஒன்றுபோல உச்சரிக்கிறோம். அந்தக் காலத்தில் அவை வேறு வேறு ஒலிகள். வெட்டியவர்கள் வேறு வேறு எழுத்தாகத்தான் வெட்டினார்கள்.

நான்காவதாக எனக்கே ஒரு சபலம் வந்தது: தொழு, தொழுவம். மாடு கட்டும் இடம். தொறுவும் தொழுவும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டும் மாட்டைச் சுற்றிய சொற்கள். ஆனாலும் ழ எப்போது ற ஆகும் என்று காட்ட இதே மாதிரி இன்னும் நாலு சொல்லாவது வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. பொருள் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக இரண்டு சொல்லுக்கு உறவு கட்டிவிட முடியாது. விட்டுவிட்டேன்.

பட்டான்

இதற்கு நாங்கள் எங்கும் போகவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த புங்கமரம் நின்றது. மாணவியின் ஆயா, அவளுடைய பாட்டி, எங்களோடு விளக்கெடுத்துக்கொண்டு வந்திருந்தார். கல்லுக்குச் சூடம் காட்டிவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "இந்த மரமும் பட்டுப் போச்சு. வெட்டிடச் சொன்னா உங்கப்பன் கேக்கறானில்ல."

மாணவி சட்டென்று திரும்பினாள். "ஆயா, இன்னொருக்கா சொல்லு. மரம் என்ன ஆச்சு?"

"பட்டுப் போச்சு. செத்துப் போச்சுடி. வேற என்ன."

கல்லில் இருக்கும் பட்டான் இதுதான். படு என்றால் சாதல். போரில் விழுந்தவனைப் பட்டான் என்பது நடுகல் வழக்கு. நாம் மனிதரைச் சொல்லும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டோம், மரத்துக்கு வைத்திருக்கிறோம். 'பட்ட மரம்' என்று நாமெல்லாரும் நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய எழுத்தில் ஒரு சொல்லை எழுதப் படிக்கத் தெரியாத ஆயா படித்துக் காட்டினார். அகராதியைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பேசுவதைக் கவனியுங்கள் என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே கண்ணால் பார்த்தேன்.

மற்றக் கற்கள்

ஒரு கல் தனியாக நின்றால் அதன் சொல் எதுவாகவும் இருக்கலாம். அதே வாசகம் இருபது கல்லில் வந்தால் பொருள் தானாகக் குறுகிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் சுற்று வட்டாரம் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுந்த பகுதி. 1970களில் தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் இந்தக் கற்களைத் தேடிப் படித்துப் பதிப்பித்தது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் பலவற்றை நேரிலேயே பார்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை மாணவியையும் அவளுடைய தோழிகள் மூவரையும் அழைத்துப் போனேன். படித்து வெளியிட்ட வாசகங்களையும் எடுத்துப் போயிருந்தேன். அவர்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: தொறு வருகிற இடத்தில் எல்லாம் அதற்கு அடுத்த சொல் என்ன என்று எழுதுங்கள்.

மாலைக்குள் பட்டியல் ஆகிவிட்டது. தொறுக் கொண்ட ஞான்று பட்டான். தொறு மீட்டுப் பட்டான். தொறுக் கொள மீட்டுப் பட்டான். திரும்பத் திரும்ப இரண்டே வினைகள்: கொள், மீள். ஞான்று என்பது நாள், பொழுது. ஆக, தொறு என்பது ஒருவர் கொண்டுபோகக் கூடிய, இன்னொருவர் மீட்டுவரக் கூடிய ஒரு பொருள். உயிரைக் கொடுத்து மீட்கும் அளவுக்கு மதிப்புள்ள பொருள்.

முதல் விளக்கம் இங்கேதான் விழுந்தது. நாள்தொறும் என்பதில் வருகிற தொறுவைக் கொள்ளவும் முடியாது, மீட்கவும் முடியாது. இடைச்சொல் எந்த வினைக்கும் செயப்படுபொருளாக நிற்காது. துறவும் விழுந்தது. துரத்தும் விழுந்தது. என்ன பொருள் என்று இன்னும் தெரியாது. ஆனால் அது ஒரு பெயர்ச்சொல், கவரக் கூடிய உடைமை என்பது உறுதியாகிவிட்டது.

கொண்டுபோகக் கூடிய உடைமை பொன்னாகவும் இருக்கலாம், நெல்லாகவும் இருக்கலாம். அதைச் சிற்பம் முடித்து வைத்தது. சில கற்களில் வீரனுக்குப் பக்கத்தில் மாடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் கல்லின் மூலையில் மண்ணுக்கு மேலே தெரிந்த திமில் நினைவிருக்கிறதா? மாணவிக்கு உடனே அதுதான் நினைவு வந்தது. அகழ்வைப்பகத்து முற்றத்தில் நின்றபடியே, "ஐயா, நம்ம கல்லுலயும் மாடு இருக்குதுங்க! அடியில புதைஞ்சிருக்குது!" என்று கத்தினாள்.

இன்னொரு கோணமும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்று சொல்கிறது. ஆகோள் என்றால் ஆவைக் கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் அதே செயல். தெற்கே ஆ கோள். இங்கே தொறு கொள்ளல். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஊரிலும் ஒரே வினை. பெயர் மட்டும் மாறுகிறது. ஆ நின்ற இடத்தில் தொறு நிற்கிறது.

பாட்டு

பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடியதில், பகைவர் நாடு முன்பு எவ்வளவு செழிப்பாக இருந்தது என்று ஒரு வருணனை வருகிறது: "தொறுத்த வயல் ஆரல் பிறழ்நவும், ஏறு பொருத செறு உழாது வித்துநவும்." அடுத்த அடிகளில் கரும்புப் பாத்தியில் பூத்த நெய்தல், எருமை நிரையை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

தொறு மேய்ந்த வயலில் ஆரல் மீன் புரள்கிறது. காளைகள் முட்டி மோதிய வயலை உழாமலே விதைக்கலாம். மாட்டுக் கூட்டம் மிதித்து மிதித்துச் சேறாகிவிட்ட நிலம். எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டுக்கிடையும் மாட்டுக்கிடையும் போட்ட நிலம் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். பாட்டு முழுக்க மாடும் எருமையும் இருக்கும்போது முதல் அடியில் உள்ள தொறுவுக்கு வேறு பொருள் பொருந்தாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எருமைக்கு நிரை என்கிறார் புலவர். முதல் அடியின் தொறுவுக்குப் பக்கத்தில் ஏறு வருகிறது. அதனால் தொறு என்பது பசுவும் காளையும் சேர்ந்த கூட்டம் என்று கொள்வது இயல்பாக இருக்கிறது. தொறுவன் இடையன், தொறுவி இடைச்சி என்று அகராதி தருகிற சொற்களும் இந்த வழியில் வந்தவைதான்.

தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் பத்தும் இதே நூலில்தான் இருக்கிறது என்று சொன்னபோது மாணவிகளுக்கு முகம் மலர்ந்தது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி, அதியமான் ஊர்.

பக்கத்து மொழி

இதுவரை பொருள் கிடைத்தது. பிறப்பு கிடைக்கவில்லை. குறிலா நெடிலா என்ற முதல் கேள்விக்கும் கல்லிலிருந்து பதில் வரவில்லை.

எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் கன்னடம். மதியம் சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்: "சார், கன்னடத்துல மாட்டுக்கு என்ன சொல்வீங்க?"

"வீட்ல தனா, ஹசு. ஏன் சார்?"

"தொறு மாதிரி ஏதாவது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "துரு இருக்குது சார். பேசறப்ப வராது. எங்க தாத்தா குமாரவியாச பாரதம் வாசிப்பாரு. விராட பர்வத்துல, விராடனோட மாடுகளைக் கவுரவர்கள் ஓட்டிட்டுப் போவாங்களே, அங்க துருகள் துருகள்னு வந்துட்டே இருக்கும்."

கையில் இருந்த களியை அப்படியே வைத்துவிட்டேன். கன்னட நடுகற்களிலும் இதே சொல்தான். மாட்டைக் கவர்வதற்குத் துறுகோள் என்றே பெயர். துறுவை மீட்டுச் செத்தான் என்று வாசகம் வரும். பழங்கன்னடத்தில் அது வல்லின றகரம். பிற்காலத்தில் அந்த எழுத்தே வழக்கொழிந்து சாதாரண ரகரத்தோடு கலந்துவிட்டது. அதனால்தான் இன்று துரு.

தமிழில் தொறு, கன்னடத்தில் துறு. ஒலி ஒத்துப் போகிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. துறவும் இப்படித்தான் ஒத்துப் போனது. இந்த ஒ–உ மாற்றம் மற்ற சொற்களிலும் நடக்கிறதா? இதற்கு நாங்கள் இருவரும் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தோம். நான் தமிழ்ச் சொல்லைச் சொல்வேன், அவர் கன்னடத்தைச் சொல்வார். செவி – கிவி. தெளி – திளி. பொருள் – ஹுருளு. சாரமில்லாத பேச்சை ஹுருளு இல்லாத மாத்து என்பார்களாம். தமிழில் எகரமோ ஒகரமோ இருந்து, அடுத்த அசையில் இகரமோ உகரமோ வந்தால், கன்னடத்தில் முதல் உயிர் இகரமாகவோ உகரமாகவோ மாறிவிடுகிறது. தொறு – துறு அந்த வரிசையில் சரியாக உட்காருகிறது.

விதியைச் சோதிக்க எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: ஒகேனக்கல். கன்னட ஹொகெ, நம் புகை, புகைகிற கல். அருவிச் சாரல் புகைபோல எழுவதால் வந்த பெயர். ஆனால் இங்கே தலைகீழாக இருக்கிறது. தமிழில் உகரம், கன்னடத்தில் ஒகரம். விதி உடைந்ததா? இல்லை. அடுத்த அசையைப் பாருங்கள். புகையில் அடுத்து வருவது ஐகாரம். இகரமோ உகரமோ இல்லை. அங்கே வேறொரு மாற்றம், அதுவும் தமிழ்ப் பக்கத்தில் நடந்தது. நம் பேச்சு வழக்கு இன்னும் 'பொகை', 'பொகையில' என்றுதான் இருக்கிறது. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆனதும் இதே சொல்லில் தெரிகிறது. பால் – ஹாலு, புலி – ஹுலி, பள்ளி – ஹள்ளி. மாரண்டஹள்ளி, சோமனஹள்ளி என்று நம்மைச் சுற்றி இருக்கும் ஊர்ப்பெயர்களில் எல்லாம் இந்த மாற்றம் நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது குறில் நெடில் கேள்விக்கு வருவோம். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒகரத்தின் குறில் நெடிலை நம் கல்வெட்டு காட்டாது. ஆனால் கன்னடத்தில் அந்த ஒகரம் உகரமாகிவிட்டது. உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் எந்தக் காலத்திலும் தனித்தனி எழுத்துக் குறி உண்டு, குழப்பமே வராது. கன்னடக் கல்லில் துறு என்று குறிலாகத்தான் இருக்கிறது, தூறு இல்லை. அது குறில் என்றால் இதுவும் குறில். நம் எழுத்து மறைத்ததைப் பக்கத்து மொழி பத்திரமாக வைத்திருந்து காட்டிவிட்டது. மாணவியின் முதல் கேள்விக்கு அன்றுதான் முழுப் பதில் கிடைத்தது.

அப்புறம் எதிர்பார்த்த கேள்வி வந்தது. ஆசிரியர் அறையில் இன்னொருவர் கேட்டார்: "அப்ப இது கன்னடச் சொல்லா? நுளம்பர் ஆட்சியில வந்திருக்குமா?" நியாயமான கேள்வி. நுளம்பர்கள் என்ற கன்னட அரச மரபினர் தகடூரை ஆண்டிருக்கிறார்கள். தருமபுரியில் கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் கன்னடத்திலிருந்து கடன் வாங்கியிருந்தால், அவர்கள் வாயில் இருந்த துறுதான் நமக்கும் வந்திருக்கும். நம்மிடம் இருப்பது மாறாத ஒகரம். அதோடு, நுளம்பர்களுக்கு வெகு காலம் முன்பே சேரனைப் பாடிய பாட்டில் இந்தச் சொல் இருக்கிறது. அப்படியானால் தமிழிலிருந்து கன்னடம் வாங்கியதா? அதற்கும் தேவை இல்லை. செவி, தெளி, பொருள் மாதிரியே இதுவும் இரண்டு வீட்டுக்கும் தாய்வழி வந்த சொத்து. இரண்டு மொழியும் பிரிவதற்கு முன்பிருந்தே மாடு ஓட்டிய மக்கள் பேசியது. எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இரண்டு மொழியிலும் இருந்தால் உடனே யார் யாரிடம் எடுத்தார்கள் என்று சண்டை வருகிறது. ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சண்டையை முதலில் நிறுத்த வேண்டியவர்களும் நாம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடுகல் ஒரு சொல்லின் கதையைத் திருத்துவது புதிதும் இல்லை. பெங்களூருக்கு வேகவைத்த அவரையால் பெயர் வந்தது, 12ஆம் நூற்றாண்டு ஒய்சள மன்னன் வீரபல்லாளன் ஒரு மூதாட்டி கொடுத்ததைத் தின்றான் என்று ஓசூர்ப் பக்கத்திலும் கதை சொல்வார்கள். பேகூரில் இருக்கும் கங்கர் காலத்து நடுகல், கிட்டத்தட்ட 890ஐச் சேர்ந்தது, பெங்களூர்ச் சண்டை என்று ஊர்ப்பெயரையே சொல்கிறது. வீரபல்லாளனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன்னால். கதை இனிமையானது, கல் அதைவிடப் பழையது.

சொல் போன இடம்

தொறு எப்படி வழக்கிலிருந்து போனது? கூட்டத்தைச் சொல்ல நமக்கு இப்போது மந்தை இருக்கிறது, பட்டி இருக்கிறது. பென்னாகரம் காட்டோரத்தில் ஆலம்பாடி மாடு வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவருக்குத் தொறு தெரியவில்லை. "பட்டி மாடுன்னுதாங்க சொல்வோம். ராத்திரி பட்டியில அடைக்கறது, காலையில ஓட்டறது." கூட்டத்தின் பெயரை, அதை அடைக்கிற இடத்தின் பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறது. மாடு என்ற சொல்லும் ஒரு காலத்தில் செல்வம் என்ற பொருளில் இருந்தது. "மாடல்ல மற்றை யவை" என்கிறது குறள். செல்வத்தின் பெயர் விலங்குக்கு ஒட்டிக்கொண்ட பிறகு, விலங்குக் கூட்டத்தின் பழைய பெயருக்கு வேலை குறைந்துபோனது என்பது என் எண்ணம்.

சொல் போனாலும் நிகழ்ச்சி போகவில்லை. மழை இல்லாத வருடங்களில் எங்கள் ஊர்களில் விராட பர்வம் கூத்து வைப்பார்கள். மாடுபிடி சண்டை என்பார்கள். வில்லிபாரதத்தில் அதே பகுதிக்கு நிரை மீட்சிச் சருக்கம் என்று பெயர். கூத்தில் மாடு, வில்லியில் நிரை, குமாரவியாசரில் துரு, எங்கள் கொல்லைக் கல்லில் தொறு. மாணவிகளிடம் இந்த நான்கையும் பலகையில் எழுதிக் காட்டியபோது, கூத்து பார்த்துப் பழகிய பிள்ளைகள் தாங்களாகவே அர்ச்சுனன் வேடம் வரை பேச ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பு அன்று அதோடு முடிந்தது.

இடைவெளி

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்டதும் அவள்தான்.

"ஐயா, நடுவுல அழிஞ்சிருக்குதே. தொறு கொண்டு பட்டானா, தொறு மீட்டுப் பட்டானா? மாட்டை ஓட்டிட்டுப் போனவரா, மீட்டவரா?"

கவர்ந்தவருக்கும் கல் நட்டிருக்கிறார்கள், மீட்டவருக்கும் நட்டிருக்கிறார்கள். பழைய போர் முறையில் இரண்டும் வீரம்தான். ஆனால் வாரா வாரம் அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது சின்னக் கேள்வி இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆறுதலுக்காக ஒரு பதிலைச் சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. அளந்து பார்ப்போம் என்றேன்.

மறுபடி ஓர் இருட்டிய நேரம். ஆயா டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். தெளிவாக இருந்த 'படடான' நான்கு எழுத்தின் மேல் பூக்கட்டும் நூலை வைத்து அளந்து முடிச்சுப் போட்டோம். அதே நூலை இரண்டாவது வரியில் சிதைந்த இடத்தில் வைத்தோம். சிதைவு, வரி முடிகிற இடம் வரை, அந்த முடிச்சுக்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றது. நான்கு எழுத்துக்குக் குறைவு. மூன்று தாராளமாக அடங்கும். புள்ளி இல்லாமல் 'மீடடு' மூன்று எழுத்து. 'ககொணடு' என்றால் க, கொம்பு, க, கால், ண, டு என்று ஆறு குறி வேண்டும். அந்த இடத்தில் ஆறு குறி உட்காராது. மூன்றாவது வரி பட்டானில் தொடங்குவதும் இதற்கு ஒத்துவருகிறது.

இடம் மீட்டுவுக்குத்தான் பொருந்துகிறது. ஆனாலும் எழுத்தைக் கண்ணால் பார்க்கவில்லை; பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது. கல்வெட்டுப் பதிப்பில் இப்படி ஊகித்து நிரப்பியதைப் பகர அடைப்புக்குள் போடுவது வழக்கம் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் நோட்டைக் கல்லின் பீடத்தில் வைத்து, முன்பு எழுதிய தோறுவின் சுழியை அழித்துக் குறிலாக்கினாள். அப்புறம் பென்சிலால், எழுத்தை அழுத்தாமல் எழுதினாள்: தொறு [மீட்டு] பட்டான்.

"அடைப்பு எதுக்குடி?" என்றார் ஆயா.

"அது நாங்க சொன்னது ஆயா. மீதி கல்லு சொன்னது."